நிழலைப் படிக்கத் தெரிந்தவர்கள்

எக்ஸ்ரே எடுப்பவர்களுக்கு முதுகலைப் படிப்பு இருக்கிறது. படித்ததைச் செய்வதற்கு இடம் இல்லை. பிரிட்டனில் ரேடியோகிராபர் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். இந்தியாவில் எம்.எஸ்சி. முடித்தவரும் டிப்ளமாக்காரர் செய்த அதே வேலைக்குத்தான் திரும்பி வருகிறார். 2021-ல் வந்த புதிய சட்டம் இதை மாற்றுமா?

இரவு இரண்டு மணி. அரசு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறைக்கு வெளியே, பெஞ்சில் ஓர் இளைஞர். மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தபோது வலது கையை ஊன்றியிருக்கிறார். இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உள்ளே ஒரே ஒரு ரேடியோகிராபர். டாக்டர் சீட்டில் எழுதியிருப்பது மணிக்கட்டுக்கு இரண்டு படங்கள். எடுத்தாகிவிட்டது. உடைந்த மாதிரி எதுவும் தெரியவில்லை. ஆனால் கட்டைவிரலின் அடியில் உள்ள குழியில் விரல் பட்டபோது இளைஞர் துள்ளிய துள்ளல் ரேடியோகிராபருக்கு உறுத்துகிறது. கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்து வைத்து இன்னொரு படம் எடுக்கிறார். ஸ்கேஃபாய்ட் என்ற முந்திரிப் பருப்பு அளவு எலும்பின் நடுவில், தலைமுடி போல ஒரு கோடு.

நாட்டின் எந்த மாவட்ட மருத்துவமனையிலும் நடக்கக்கூடிய காட்சிதான் இது. அடுத்து என்ன நடக்கும் என்பது அந்த ரேடியோகிராபர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. பிரிட்டன் என்றால், அவரே அறிக்கை எழுதும் தகுதி பெற்றவராக இருக்கலாம். இல்லாவிட்டாலும் சந்தேகத்தை எழுத்தில் தெரிவிக்க அங்கே பல மருத்துவமனைகளில் ஓர் ஏற்பாடு உண்டு. இந்தியாவில் அவர் கதவருகே நின்று, “சார், இந்த இடத்தைக் கொஞ்சம் பாருங்க” என்று டியூட்டி டாக்டரிடம் சொல்லலாம். கேட்கிற மனசு உள்ள டாக்டர் என்றால் பார்ப்பார். இல்லையென்றால் வீக்கத்துக்குக் கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார். ரேடியாலஜிஸ்ட் வந்து படத்தைப் பார்ப்பது மறுநாள் காலையில், அதுவும் அந்த ஊரில் அப்படி ஒருவர் இருந்தால்.

ஸ்கேஃபாய்ட் விஷயத்தில் இந்த அலட்சியம் விலை உயர்ந்தது. இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து வருகிறது. நடுவில் முறிந்தால் மணிக்கட்டுப் பக்கத் துண்டுக்கு ரத்தம் நின்றுபோய், அது செத்துவிடக்கூடும். பிறகு நிரந்தர வலி, மூட்டுத் தேய்மானம். கையை நம்பிப் பிழைக்கும் ஒருவருக்கு இது சின்ன விஷயம் அல்ல.

அந்தக் கோட்டைக் கண்டுபிடித்த கண் பாதி அனுபவத்தால் வந்தது. மீதியைக் கற்றுக் கொடுக்க முடியும். பணியில் இருக்கும் ரேடியோகிராபர்களுக்கான முதுகலைப் படிப்பு என்பதன் அர்த்தமே இதுதான்: ஏற்கெனவே ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்த ஒருவரை, அந்தப் படங்களுக்குப் பொறுப்பேற்கக்கூடியவராக ஆக்குவது. இதை முறைப்படி செய்து காட்டிய நாடு பிரிட்டன். அங்கும் அது சுலபமாக நடந்துவிடவில்லை.

வில்ஹெல்ம் ரான்ட்ஜன் 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த பிறகு, முதல் சில ஆண்டுகளில் படம் எடுத்தவர்கள் எல்லோரும் டாக்டர்கள் அல்ல. புகைப்படக்காரர்கள், மின்சார வேலை தெரிந்தவர்கள், இயற்பியல் ஆசிரியர்கள் என்று பலரும் இருந்தார்கள். எடுத்தவரே என்ன தெரிகிறது என்றும் சொன்னார். பிரிட்டனில் ரேடியோகிராபர்களின் சங்கம் 1920-ல் தோன்றியது. சில ஆண்டுகளிலேயே டாக்டர்களுடன் உரசல். முடிவில் படம் எடுப்பது ஒருவர் வேலை, படிப்பது மற்றவர் வேலை என்று கோடு கிழிக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்தத் தடை நாட்டின் சட்டத்தில் இல்லை, தொழில் அமைப்புகளின் விதிகளிலும் வழக்கத்திலும்தான் இருந்தது. அப்படியே ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஓடின.

கோட்டை அழித்தது ஒரு சிவப்புப் பொட்டு. விபத்துப் பிரிவில் எடுக்கும் படங்களை முதலில் பார்ப்பவர் அனுபவம் குறைந்த இளம் டாக்டர். அவர் தவறவிடும் முறிவுகளை, படம் எடுத்த ரேடியோகிராபர் பல சமயம் கவனித்திருப்பார். அப்படியானால் அவர் சந்தேகப்படும் படத்தின் மீது ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டட்டுமே என்று சில மருத்துவமனைகள் யோசித்தன. ரேடியோகிராபரின் கண்ணைப் பயன்படுத்தினால் விபத்துப் பிரிவின் தவறுகள் குறையும் என்று ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ 1985-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு சொன்னது. செலவு, ஒரு ஸ்டிக்கர்.

பொட்டுக்கு ஒரு குறை இருந்தது. ‘ஏதோ இருக்கிறது’ என்று மட்டுமே அது சொன்னது. எங்கே, என்ன என்று சொல்லவில்லை. பொட்டு இல்லாவிட்டால் படம் சரி என்று அர்த்தமா, ஒட்ட மறந்துவிட்டார்களா என்பதும் தெரியாது. எனவே ஒரு வரியாவது எழுதட்டும் என்ற அடுத்த கட்டம் வந்தது. எழுதுவதென்றால் படித்திருக்க வேண்டும். 1990-களின் மத்தியில் பிரிட்டிஷ் கல்லூரிகள் சில, பணியில் இருக்கும் ரேடியோகிராபர்களுக்கு அறிக்கை எழுதும் முதுகலைப் பயிற்சியைத் தொடங்கின. ரேடியோகிராபி அங்கே டிப்ளமாவிலிருந்து பட்டப் படிப்பாக மாறியதும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான்.

ரேடியாலஜிஸ்ட்கள் எல்லோரும் கைதட்டி வரவேற்கவில்லை. உடற்கூறு முழுதும் படித்து, நோயாளியின் மொத்த நிலையையும் எடைபோடத் தெரிந்த ஒரு டாக்டரின் தீர்ப்பை, சில மாதப் பயிற்சி ஈடு செய்யுமா என்ற கேள்வி நியாயமானதே. பதில் எண்களில் வந்தது. பயிற்சி பெற்ற ரேடியோகிராபர்களின் அறிக்கைகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2005-ல் ஓர் ஆய்வு வெளியானது. சாதாரண எக்ஸ்ரே படங்களில், கோளாறு உள்ளவற்றில் 92.6 சதவிகிதத்தை அவர்கள் சரியாகக் கண்டுபிடித்தார்கள். கோளாறு இல்லாதவற்றில் 97.7 சதவிகிதத்தை இல்லை என்று சரியாகச் சொன்னார்கள்.

படிப்பு அமைந்த விதத்தைக் கவனிக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டு யாரும் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதில்லை. 60 புள்ளிகளுக்கு முதுகலைச் சான்றிதழ், 120-க்கு முதுகலை டிப்ளமா, 180-க்கு எம்.எஸ்சி. எந்தப் படியிலும் நிறுத்திக்கொள்ளலாம், சில ஆண்டுகள் கழித்துத் தொடரலாம். ஒருவர் எலும்புப் படங்களுக்கு மட்டும் சான்றிதழ் பெறுவார். இன்னொருவர் நெஞ்சுப் படம், மற்றொருவர் மார்பக எக்ஸ்ரே அல்லது சி.டி. தலை. தன் சொந்த மருத்துவமனையிலேயே ஒரு ரேடியாலஜிஸ்ட் வழிகாட்டியாக இருப்பார். மாணவர் நூற்றுக்கணக்கான படங்களுக்குப் பயிற்சி அறிக்கை எழுதுவார். வழிகாட்டி திருத்துவார். குறிப்பேட்டில் எல்லாம் பதிவாகும். கடைசியில் தேர்வு. அதிலும் அறிக்கைதான் எழுத வேண்டும். முறிவு உள்ள படங்களும் ஒன்றுமே இல்லாத படங்களும் கலந்து வரும். இல்லாத முறிவைப் பார்த்துவிட்டாலும் மதிப்பெண் போகும்.

முக்கியமான வேறுபாடு அதற்கப்புறம். படித்து முடித்தவருக்கு அங்கே ஒரு பதவி இருக்கிறது. உதவியாளர், ரேடியோகிராபர், மேம்பட்ட ரேடியோகிராபர், கன்சல்டன்ட் ரேடியோகிராபர் என்று நான்கு படிகள். தேசிய சுகாதாரச் சேவையின் சம்பள அட்டவணையில் புதிதாக வருபவர் 5-வது நிலையில் தொடங்குவார். மேம்பட்ட நிலை பொதுவாக 7. கன்சல்டன்ட் 8. மேம்பட்ட மருத்துவப் பணி எது என்பதற்கு இங்கிலாந்து 2017-ல் ஒரு வரையறையும் வகுத்தது. நோயாளி சிகிச்சை, தலைமைப் பொறுப்பு, கற்பித்தல், ஆராய்ச்சி ஆகிய நான்கும், முதுகலைத் தரத்தில்.

இத்தனைக்குப் பிறகும் அங்கே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. போர்ட்ஸ்மத் நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில், ஒரே ஆண்டில் சுமார் 23,000 நெஞ்சு எக்ஸ்ரே படங்களை ரேடியாலஜிஸ்டோ பயிற்சி பெற்ற வேறு யாருமோ முறைப்படி பார்க்கவில்லை என்று கண்காணிப்பு அமைப்பு 2017-ல் கண்டுபிடித்தது. பயிற்சி இல்லாத இளம் டாக்டர்களிடம் அந்த வேலை விடப்பட்டிருந்தது. நுரையீரல் புற்றுநோய் இருந்த சிலர் தாமதத்தால் பாதிக்கப்பட்டார்கள். எடுத்த படத்தை யார் படிக்கிறார் என்ற கேள்வி பணக்கார நாட்டுக்கும் உண்டு.

இந்தியாவில் இந்தக் கேள்வியை யாரும் உரக்கக் கேட்பதே இல்லை. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு ரேடியாலஜிஸ்ட் என்ற கணக்கு இங்கே அடிக்கடி சொல்லப்படுகிறது. அந்த ஒருவரும் பெரும்பாலும் நகரத்தில்தான் இருக்கிறார், அவர் நேரத்தின் பெரும்பகுதி அல்ட்ராசவுண்டுக்கும் சி.டி., எம்.ஆர்.ஐ.க்கும் போய்விடுகிறது. சாதாரண எக்ஸ்ரே கடைசி வரிசையில் நிற்கிறது. பல அரசு மருத்துவமனைகளில் எழுத்து வடிவ அறிக்கை இல்லாமலேயே படம் வார்டுக்குப் போகிறது, சிகிச்சை கொடுக்கும் டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். டிஜிட்டல் வந்த பிறகு ஜன்னலின் இடத்தைச் சில ஊர்களில் வாட்ஸ்அப் பிடித்துக்கொண்டது.

படிப்புக்குப் பஞ்சம் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1934-ல் திறக்கப்பட்ட பர்னார்டு ரேடியாலஜி நிலையம், நாட்டின் பழமையான கதிரியக்க மருத்துவ நிலையங்களில் ஒன்று. தமிழ்நாட்டில் சி.ஆர்.ஏ. என்ற சான்றிதழ் படிப்பும் பிறகு இரண்டாண்டு டிப்ளமாவும் ஒரு தலைமுறை ‘எக்ஸ்ரேக்காரர்களை’ உருவாக்கின. டெல்லி எய்ம்ஸில் ரேடியோகிராபிக்கு பி.எஸ்சி. இருக்கிறது. சண்டிகர் பி.ஜி.ஐ.யிலும் மணிப்பாலிலும் எம்.எஸ்சி. வரை படிக்கலாம். 2015-ல் மத்திய சுகாதார அமைச்சகம் தயாரித்த மாதிரிப் பாடத்திட்டம் இளநிலை, முதுநிலை இரண்டுக்கும் வரையறை கொடுத்தது.

சிக்கல் இரண்டு இடத்தில். முதலாவது, யாருக்காகப் படிப்பு? எம்.எஸ்சி. என்பது வழக்கமாக இரண்டு ஆண்டு முழுநேரப் படிப்பு. பி.எஸ்சி. முடித்த கையோடு வரும் 21 வயதுக்காரருக்கு அது பொருந்தும். 20 ஆண்டுகளாக இரவு டியூட்டி பார்க்கும் டிப்ளமாக்காரருக்கு பட்டம் இல்லாததால் வாசலே அடைப்பு. பட்டம் இருப்பவர்களும் இரண்டு ஆண்டு சம்பளத்தை விட்டுவிட்டு வர வேண்டும். ஆக, எந்தக் கண் ஏற்கெனவே பழகியிருக்கிறதோ அந்தக் கண்ணுக்கு மேற்படிப்பு எட்டுவதில்லை.

இரண்டாவது, முடித்த பிறகு? கல்லூரிகளில் விரிவுரையாளர் ஆகலாம். தனியார் மருத்துவமனையில் மேற்பார்வையாளர் ஆகலாம். கருவி விற்கும் கம்பெனியில், வாங்கியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலைக்குப் போகலாம். மூன்றுமே எக்ஸ்ரே அறைக்கு வெளியே. அறைக்குள்ளேயே இருந்து கூடுதல் பொறுப்பு, கூடுதல் சம்பளம் என்ற வழி அநேகமாகக் கிடையாது. நான்காவது வழி விமானம். பிரிட்டனில் ரேடியோகிராபர் என்ற பட்டப் பெயரைப் பயன்படுத்தவே சட்டப்படி பதிவு வேண்டும். அந்தப் பதிவுக்கு விண்ணப்பித்துப் போகும் இந்தியர்கள் அங்கே நுழைவு நிலையில் சேர்ந்து, வேலை பார்த்தபடியே சான்றிதழ் வாங்கி, சில ஆண்டுகளில் அறிக்கை எழுதுகிறார்கள். இங்கே கருத்துச் சொல்ல முடியாத அதே கண்தான்.

மேற்படிப்பு என்றால் அறிக்கை எழுதுவது மட்டும்தான் என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும். மற்ற பாதி நோயாளிக்கே தெரியாமல் நடப்பது. பிலிம் காலத்தில் கதிர்வீச்சு அதிகமானால் படம் கறுத்துப் போகும். தவறு கண்ணுக்குத் தெரியும், டார்க் ரூமிலிருந்து வெளியே வருவதற்குள் ரேடியோகிராபருக்கு வியர்த்துவிடும். டிஜிட்டலில் அந்த அபராதம் இல்லை. கதிர்வீச்சு எவ்வளவு அதிகமானாலும் கம்ப்யூட்டர் வெளிச்சத்தைச் சரிசெய்து அழகான படத்தைக் கொடுத்துவிடும். குறைத்தால்தான் படம் மணல் தூவியது போல வரும், டாக்டரிடமிருந்து புகார் வரும். விளைவு: யாரும் திட்டமிடாமலேயே அளவு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டு போகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கருவியிலேயே ஒரு குறியீட்டு எண் காட்டப்படுகிறது. 2008-ல் அதற்கு சர்வதேசத் தரமும் வந்தது. திரையின் மூலையில் தெரியும் அந்த எண்ணைப் படிக்கவும், மாதக் கணக்கில் குறித்து வைத்து எந்த ஷிஃப்டில், எந்த உறுப்புக்கு ஏறுகிறது என்று கண்டுபிடிக்கவும் தெரிந்தவர் வேண்டும்.

சி.டி.யில் இது இன்னும் கடுமை. ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் உடலுக்குக் கிடைப்பது 0.1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவு. வயிற்று சி.டி.யில் அதைப் போல 100 மடங்கும் அதற்கு மேலும் ஆகலாம். பெரியவர்களுக்கான அளவிலேயே குழந்தைகளுக்கும் சி.டி. எடுக்கப்படுகிறது என்று 2001-ல் அமெரிக்க ஆய்வுகள் சுட்டிக்காட்டியபோதுதான் உலகம் விழித்துக்கொண்டது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அளவைக் குறைப்பது கன்சோலில் இருப்பவர் கையில் இருக்கிறது. மின்னழுத்தத்தைக் குறைக்கலாமா, எந்த இடத்தில் ஸ்கேனை நிறுத்தலாம், இரண்டு முறை எடுக்கச் சொன்னதில் ஒன்றைத் தவிர்க்கலாமா என்று டாக்டரிடம் பேசும் தைரியமும் அவருக்கு வேண்டும். தைரியம் அறிவிலிருந்து வருவது.

வேலை பார்ப்பவரின் உடம்பைப் பற்றி விதி இருக்கிறது. 1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஐந்து ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. சட்டைப் பையில் குத்தியிருக்கும் பேட்ஜ் அதைக் கணக்கெடுக்கிறது. (அலமாரியில் மாட்டியிருக்கும் பேட்ஜ் எதையும் கணக்கெடுக்காது என்பது இந்தத் தொழிலின் பழைய நகைச்சுவை.) நோயாளிக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. தேவைக்கு மேல் வேண்டாம் என்ற கொள்கைதான் உண்டு. அதைக் காப்பாற்றுவது எக்ஸ்ரே அறையில் இருப்பவரின் அறிவு.

கதிர்வீச்சே இல்லாத எம்.ஆர்.ஐ.யிலும் ஆபத்து உண்டு. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், நோயாளியுடன் வந்த உறவினர் ஆக்ஸிஜன் சிலிண்டருடன் எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழைந்தார். காந்தம் சிலிண்டரையும் அவரையும் சேர்த்து இழுத்தது. அவர் இறந்துபோனார். ஸ்கேன் நடக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் உயிரோடு இருக்கும் என்பது பாடத்தின் முதல் வரி. ஆனால் யார் உள்ளே வரலாம், எந்தக் கதவில் யார் நிற்க வேண்டும் என்று ஒரு மருத்துவமனைக்கே விதி எழுதி, வார்டு பாய் முதல் டாக்டர் வரை எல்லோரையும் அதற்குக் கட்டுப்பட வைப்பது முதல் வரியோடு முடிகிற வேலை அல்ல. அதற்கு அதிகாரம் உள்ள ஒரு பதவி தேவை.

பிரிட்டனைப் பார்த்து அப்படியே நகல் எடுக்க முடியாத இடமும் உண்டு. அங்கே முதுகலைப் பயிற்சி பெற்ற ரேடியோகிராபர்கள் கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்து, அறிக்கையும் கொடுக்கிறார்கள். இந்தியாவில் அது முடியாது. கருவில் பெண் குழந்தைகளைக் கண்டுபிடித்து அழிப்பதைத் தடுக்க 1994-ல் இயற்றப்பட்டு, 1996 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த சட்டம், அந்தக் கருவியைத் தகுதி பெற்ற டாக்டர்களின் கையில் மட்டும் விட்டது. 1991-ல் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 945 பெண்கள் இருந்தார்கள். 2001-ல் அது 927 ஆகிவிட்டது. இப்படிப்பட்ட நாட்டில் அந்தக் கதவை அகலத் திறக்கச் சொல்லி யாரும் வாதாட முடியாது. போலி டாக்டர்களைப் பற்றிய மருத்துவர் சங்கங்களின் பயமும் வெறும் பொறாமை அல்ல. ஆனால் அல்ட்ராசவுண்டுக்குச் சொல்லும் காரணம் உடைந்த மணிக்கட்டுக்குப் பொருந்தாது. கருவின் பாலினம் ஸ்கேஃபாய்டில் தெரிவதில்லை.

இதற்கிடையில் எக்ஸ்ரே அறையே ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசிய காசநோய்க் கணக்கெடுப்பு ஒரு திடுக்கிடும் உண்மையைச் சொன்னது. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்காவிட்டால், கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவிகிதம் பேர் தப்பிப்போயிருப்பார்கள். இருமல், காய்ச்சல் என்று விசாரித்தால் மட்டும் போதாது. 2024 டிசம்பர் 7 அன்று தொடங்கிய 100 நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில், கையில் தூக்கிச் செல்லும் எக்ஸ்ரே கருவிகள் கிராமங்களுக்குப் போயின. படத்தைப் படிக்க கம்ப்யூட்டர் மென்பொருள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் காசநோயை வடிகட்ட இப்படிப்பட்ட மென்பொருளைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-லேயே பரிந்துரைத்திருக்கிறது.

இனி ரேடியோகிராபரின் கண் எதற்கு என்று கேட்பவர்கள், கிராமத்துப் பெண்ணின் பின்னலை நினைத்துப் பார்க்க வேண்டும். தடிமனான பின்னல் தோளுக்கு முன்னால் விழுந்திருந்தால், நுரையீரலின் உச்சியில் ஒரு நிழல் விழும். காசநோய் பிடித்த இடமாகத் தெரிவதும் அதே உச்சிதான். மூச்சை முழுதாக இழுக்காமல் எடுத்த படத்தில் நுரையீரலின் அடிப்பகுதி அடைத்துக்கொண்டு, சளி பிடித்தது போலக் காட்டும். உடம்பு ஒரு பக்கம் லேசாகத் திரும்பியிருந்தால் ஒரு நுரையீரல் கறுப்பாகவும் மற்றது வெளுப்பாகவும் வரும். ஜாக்கெட் ஊக்கு, தாலிக்கொடி, தாயத்து எல்லாமே நிழல். மென்பொருள் வண்ணம் தீட்டிக் காட்டும் இடத்தில் இருப்பது நோயா, பின்னலா என்று அந்த வேப்ப மரத்தடியில் சொல்லக்கூடியவர் ஒருவர்தான் இருக்கிறார். அங்கே ரேடியாலஜிஸ்ட் இல்லை. மென்பொருள் எங்கே தடுமாறும் என்று தெரிந்தவராக அந்த ஒருவரை ஆக்குவது, இன்றைய தேதியில் எந்த முதுகலைப் பாடத்திட்டத்துக்கும் முதல் அத்தியாயமாக இருக்க வேண்டும்.

சட்டம் வந்துவிட்டது. துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்கு 2021 மார்ச்சில் ஜனாதிபதி ஒப்புதல் அளித்தார். டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருப்பது போன்ற சட்டபூர்வமான பதிவேடு, இத்தனை காலம் தேசிய அளவில் இல்லாத இந்தத் தொழில்களுக்கு முதல் முறையாகக் கிடைக்கிறது. அட்டவணையில் ரேடியாலஜி, இமேஜிங் பிரிவு தனியாக இடம் பெற்றிருக்கிறது. 2,000 மணி நேரத்துக்குக் குறையாமல் படித்தவர் ஒரு வகை, 3,600 மணி நேரத்துக்குக் குறையாமல் படித்தவர் இன்னொரு வகை. முதல் வகைக்கு டிப்ளமா போதும், இரண்டாவதற்குப் பட்டம் வேண்டும்.

காகிதத்தில் இருப்பதை மாநிலங்கள் அவசரப்பட்டு நிறைவேற்றவில்லை. தொழில்நுட்பப் பணியாளர் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், சட்டம் நடைமுறைக்கு வராததைக் கண்டித்து இரண்டு மாதக் கெடு வைத்தது. அதுவரை 14 மாநிலங்கள்தான் கவுன்சிலே அமைத்திருந்தன. பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை ஆணையம் வேகம் காட்டியது. 2025-ல் வெளியான புதிய பாடத்திட்டங்களில் ரேடியாலஜி, இமேஜிங்கும் ஒன்று.

ஆனால் மூன்று விஷயங்களில் இன்னும் மௌனம் நிலவுகிறது. மேம்பட்ட ரேடியோகிராபர் என்று ஒரு பதவி அரசு மருத்துவமனைகளில் உண்டா? முதல் பார்வைக் கருத்தை எழுத்தில் பதிவு செய்ய அவருக்கு உரிமை உண்டா? இறுதி அறிக்கை ரேடியாலஜிஸ்டுடையதாகவே இருக்கட்டும். இரவு இரண்டு மணிக்கு ‘ஸ்கேஃபாய்டில் முறிவு இருக்கலாம்’ என்று ஒரு வரி எழுதினால், அது உதவியா, எல்லை மீறலா? மூன்றாவது, பழைய டிப்ளமாக்காரர்களுக்குப் படியேற இடைவழி உண்டா?

மூன்றில் கடைசியைத்தான் சீக்கிரம் செய்ய முடியும். அதற்குக் கட்டடம் வேண்டாம், புதிய ஸ்கேனர் வேண்டாம். மருத்துவக் கல்லூரியில் ஏற்கெனவே இருக்கும் ரேடியாலஜிஸ்ட் வாரத்துக்கு ஒரு பிற்பகல் ஒதுக்க வேண்டும். பெயரை மறைத்த பழைய படங்களின் தொகுப்பு ஒன்று, ஒரு குறிப்பேடு, எலும்புக்கு மட்டும் அல்லது நெஞ்சுக்கு மட்டும் என்று ஓராண்டுச் சான்றிதழ், கடைசியில் பார்ஷியாலிட்டி இல்லாத ஒரு தேர்வு. சுகாதாரத் துறை அரசாணை ஒன்றில் முடிகிற சங்கதி. வாரத்துக்கு ஒரு நாள் படிக்கப் போக அனுமதி வேண்டும் என்று ஒரு ரேடியோகிராபர் எழுதிக் கொடுத்தால், அந்த விண்ணப்பம் முதலில் கண்காணிப்பாளரின் மேஜைக்குப் போகும். அவர் கேட்கப்போகும் கேள்வி எல்லோருக்கும் தெரியும்: அன்றைக்கு எக்ஸ்ரே யார் எடுப்பது? பல மாவட்டங்களில் அந்தப் பணியிடங்களே நிரப்பப்படாமல் கிடக்கின்றன.